சீசன் ஒன், ஏழாவது சி.டி.

“இன்னா சார், மறுபடியும் சீசன் ஒன்னா? போன வாரம்தானே அஞ்சு எடுத்துக்கினு போனீங்க?”

சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார், ஆம்பூர் பஜாரில் சி.டி. கடை வைத்திருக்கும் நயீம் அகமது. டி.வி.யில் ஒரு பாட்டுப் போட்டியின் நாலாவது சீசன் ஓடிக்கொண்டிருக்கிற நேரம். மூன்று வருடத்துப் பழைய சங்கதியை ஒருவர் மூட்டை கட்டிக்கொண்டு போனால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள்.

“பழைய சீசனெல்லாம் சேக்கறேன், பாய்” என்றார் தேவசகாயம். பேச்சுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று சீசன் இரண்டிலும் மூன்றிலும் ஒவ்வொன்று எடுத்து வைத்துக்கொண்டார்.

“சேக்கறவங்க ஒன்னுதான் வாங்குவாங்க. நீங்க ஏழாவது சி.டி.யை மட்டும் முப்பது வாங்கியாச்சு.”

தேவசகாயம் ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். அந்த முப்பதையும் தோல் வெட்டும் மெஷினில் கொடுத்து நொறுக்கியாகிவிட்டது. ஏழாவது சி.டி.யில்தான் அவர் மகள் ரெனிட்டா பாடியிருந்தாள். பாடி முடித்ததும் நடுவர், “ஆம்பூரா? அதான் பாட்டுலயும் தோல் வாடை அடிக்குது” என்று ஊர் உலகம் பார்க்கச் சொன்னார். அந்த நொடியே எழுந்து டி.வி.யை அணைத்தவர் தேவசகாயம். அப்புறம் அந்தப் பேச்சை யார் எடுத்தாலும், ரெனிட்டாவே எடுத்தாலும், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். மகள் அவமானப்பட்ட சி.டி. ஒன்றுகூட ஊரில் மிஞ்சக் கூடாது என்பது அவருடைய வைராக்கியம்.

சி.டி.க்கும் வைராக்கியம் உண்டு போலிருக்கிறது. அவர் நொறுக்க நொறுக்க வந்துகொண்டே இருந்தது. இன்றும் மேஜையில் புதிதாகப் பத்து.

“யாரு பாய் இத கொண்டாந்து போடறது? பேரைச் சொல்லுங்க, நானே போய்ப் பேசிக்கறேன்.”

“சொல்லக் கூடாதுன்னு ஆர்டர், சார். என்னைப் பேஜார் பண்ணாதீங்க.”

அப்போது ஷிப்ட் முடிந்து வந்த ஜெயபுஷ்பம் கடைப் படியேறினாள். அதே கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. அவரைக் கவனிக்காமல், “பாய், ரெனிட்டா பாடின சி.டி. வந்துச்சா? எங்க லைன்ல நாலு பேர் கேக்கறாங்க” என்றாள்.

தேவசகாயம் பத்தையும் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “குடுக்க மாட்டேன். என் பொண்ணு மானம் போறத உக்காந்து பாக்கணுமா உங்களுக்கு?”

“மானம் போறதா?” ஜெயபுஷ்பம் விழித்தாள். “நீங்க முழுசா பாக்கலையா, சார்?”

“அந்தாளு வாயத் தெறந்ததுமே அணைச்சிட்டேன்.”

நயீம் அவர் கையிலிருந்து ஒரு சி.டி.யை உருவிக் கடை டி.வி.யில் ஓடவிட்டார். நடுவர் தோல் வாடை என்றதும் தேவசகாயம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காதைத் திருப்ப முடியவில்லை. ரெனிட்டாவின் குரல் நிதானமாக வந்தது.

“ஆமா சார், அடிக்கும். நீங்க போட்டுக்கினு இருக்கறதும் எங்க ஊரு ஷூதான். எங்கப்பா வெட்டின தோலாக்கூட இருக்கும். அதைக் கழட்டி வச்சிட்டு அப்புறமா மார்க் போடுங்க.”

ஒரு வார்த்தை பிசகாமல் ஜெயபுஷ்பமும் கூடவே சொன்னாள். டி.வி.யில் அரங்கமே எழுந்து கைதட்ட, நடுவர் காலை மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டார்.

நெஞ்சோடு அணைத்திருந்த மிச்ச சி.டி.க்களைத் தேவசகாயம் மேஜையில் இறக்கி வைத்தார்.

“இப்பவாவது சொல்லுங்க, பாய். யாரு கொண்டாந்து போடறது?”

“இனிமே சொல்லலாம், சார். உங்க பொண்ணுதான். ‘எங்கப்பா எத்தினி வேணா ஒடைக்கட்டும் பாய், முழுசா பாக்கற வரைக்கும் நான் போட்டுக்கினேதான் இருப்பேன்’னு சொல்லிட்டுப் போச்சு.”