ஆதாரம் தேவை

"டேய், மண்வெட்டி இல்லடா, உப்பு வார்ற பலகை!" சிங்காரம் கௌதமனின் சட்டையைப் பிடித்து உலுக்கினான்.

இருவரும் 'கரிக்கோட்டை' வெப் சீரிஸுக்காக ரசிகர்களே எழுதித் திருத்தும் இணையக் களஞ்சியத்தில் எழுதுபவர்கள். இணையத்தில் ஒரு மாதமாகச் சண்டை. நேரில் சந்தித்தது இன்றுதான், மரக்காணம் உப்பளத்தில்.

சீரிஸில் வரும் ராஜாவின் கொலை, இங்கே செத்துப்போன மேஸ்திரி வெங்கடாசலத்தின் கதைதான் என்று களஞ்சியத்தில் ஒரு துணுக்கு இருந்தது. 'மேஸ்திரியை மண்வெட்டியால் அடித்துக் கொன்றார்கள்' என்றிருந்ததைச் சிங்காரம் 'பலகையால்' என்று திருத்திக்கொண்டே இருந்தான். கௌதமன் அந்தத் திருத்தத்தை அழித்துக்கொண்டே இருந்தான்.

"ஆதாரம் இல்லாம போடக் கூடாது. அதான் ரூல்."

சிங்காரம் அவன் வாயிலேயே குத்தினான். உப்புக் குவியலில் ரத்தம் தெறித்தது.

"ஆதாரம் வேணுமா? மூணு அடி. பின்மண்டையில. நான்தான்டா அடிச்சேன்! போதுமா?"

கௌதமன் வாயைத் துடைத்துக்கொண்டு, பாத்தியோரம் கிடந்த பலகையை எடுத்தான்.

"போதும். விழுந்து செத்தார்னுதான் போலீஸ் கேஸை மூடிட்டாங்க. மண்வெட்டின்னு பொய்யா எழுதினது நான். தெரிஞ்சவன் திருத்தாம இருக்க மாட்டான்னு."

"நீ யாருடா?"

"வெங்கடாசலம் புள்ள."

சிங்காரம் திரும்பி ஓடினான். பலகை பின்மண்டையில் இறங்கியது.

"ஒண்ணு" என்றான் கௌதமன்.