பின்சீட்டு அட்டைக்குப் பின்னால்

மேனாம்பேட்டில் ஹாஜா மொய்தீனின் ஷெட்டில், தகரக் கூரையின் ஓட்டை வழியே இறங்கும் வெயில் எத்திராஜின் பழைய பியட் காருக்குள் ஒரு ரூபாய்க் காசுபோல் கிடக்கிறது. வண்டியைப் பிறந்த கோலத்துக்குக் கொண்டுவர, பின்சீட்டுக்குப் பின்னால் அடித்திருந்த அட்டையை ஹாஜா பெயர்க்கிறார். தேங்காய் நார் பொடியாக உதிர்கிறது. உள்ளே இரும்புக் கவ்விகளில் படுத்திருக்கிறது, கம்பெனியிலிருந்து வண்டியோடு வந்த, இஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டிங் ஹேண்டில். டார்ச் பிடித்திருப்பவன் எத்திராஜின் மச்சினன் ஜெகன். அவன் கல்யாணத்துக்கு வண்டி இரவல் போய்த் திரும்பியபோதுதான் ஹேண்டிலைக் காணோம். மச்சினன் அதை எடைக்குப் போட்ட காசில்தான் கொரட்டூரில் மாடி கட்டினான் என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி, எத்திராஜ் தானும் நம்பிவிட்டார். ஜெகன் வந்துபோனால் இன்றும் ஸ்பூன்களை எண்ணி வைக்கிறார்.

"கல்யாணத்துக்கு சீட்டுக்கு ரெக்சின் அடிச்சவன் பாக்காம அட்டைய வெச்சி மூடிக்கீறான், அண்ணாத்தே," என்கிறார் ஹாஜா.

"இப்பவாச்சும் நம்புறியா மாமா?" என்று ஜெகன் மெதுவாகக் கேட்கிறான்.

எத்திராஜ் குனிந்து ஹேண்டிலை முகர்ந்து பார்க்கிறார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒட்டடையை விரலால் இழுத்துப் பார்க்கிறார். ஹாஜா சுத்தியலால் தட்டுகிறார்; கவ்வியோடு துருவேறி ஒன்றிப்போன ஹேண்டில் அசையவில்லை. ஷெட்டுக்கு வண்டியைக் கட்டி இழுத்து வந்த அன்று, ஜெகன் இதே பின்சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தது எத்திராஜுக்கு ஞாபகம் வருகிறது.

"அதெல்லாம் சரி மச்சான்," என்கிறார் குரலைத் தாழ்த்தி. "இவ்ளோ துருவ எங்க வாங்கினே?"