மாலகி இல்லாத வீடு

பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. டெர்வ்லா மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிட்டாள்.

வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. மாலகி டூஹியின் இறுதித் திருப்பலி பதினோரு மணிக்குத் தொடங்கியிருந்தது. கில்பராக் ஊரே தேவாலயத்தில் இருந்தது. அங்கிருந்து கல்லறைக்கு, பிறகு ஹோட்டலில் சூப்பும் சாண்ட்விச்சும். ஒன்றரை மணிக்கு முன்னால் யாரும் திரும்பப் போவதில்லை.

கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மீதிப் படிகளில் இறங்கினாள்.

சமையலறையில் ஓர் ஆள் நின்றிருந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். துக்கத்துக்கு வந்தவர் மாதிரித் தெரியவில்லை. பழைய கோட்டு, முழங்கால் வரைக்கும் ஈரச் சேறு. அவர் கண்கள் அறையை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி அவளிடம் வந்து நின்றன.

"யாரு நீங்க? கதவைத் தட்டாம உள்ள வர்றீங்க?" குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள்.

"இந்த வீட்டுக் கதவை யாரு தட்டியிருக்கா? நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?"

"அசும்ப்தா அக்காவுக்குச் சொந்தம். ஸ்லைகோவிலேருந்து வந்திருக்கேன். எல்லாரும் பூசைக்குப் போயிருக்காங்க. வீட்டைப் பாத்துக்கச் சொல்லி என்னை விட்டுட்டுப் போனாங்க."

"நல்லதாப் போச்சு. தனியாவா இருக்கே?"

அந்தக் கேள்வி அவளுக்குப் பிடிக்கவில்லை. "பக்கத்து வீட்டுக்காரர் இப்ப வந்துடுவார்," என்றாள்.

"வரட்டுமே. அதுவரைக்கும் ஒரு டீ கிடைக்குமா? விடிஞ்சதிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படல."

எப்படியாவது இந்த ஆளை வெளியே அனுப்பிவிட வேண்டும். முடியாது என்றால் வம்பாகிவிடும். கொடுத்தால் குடித்துவிட்டுப் போய்விடுவார். கெட்டிலைப் போட்டுவிட்டு அலமாரியைத் திறந்தாள். மாவும் ஜாம் புட்டிகளும். அடுத்ததில் மருந்துகள். மூன்றாவதில்தான் கோப்பைகள் இருந்தன.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாலகியை உனக்கு நல்லாத் தெரியுமா?"

"தெரியாம என்ன? தங்கமான மனுசன். பொடிப் பசங்க கால்பந்து அணிக்கு முப்பது வருஷம் பயிற்சி கொடுத்தாரு. கோவில் பாட்டுக் குழுவுல நாற்பது வருஷம். மனைவிக்கு அன்பான கணவர், நாலு பொண்ணுங்களுக்குப் பாசமான அப்பா."

"பேப்பர்ல வந்த மரண அறிவிப்புலயும் அதேதான் போட்டிருக்காங்க," என்று அவர் சிரித்தார். "நாற்பது வருஷம் பாட்டுக் குழுவுல இருந்தது நெசம். ஆனா ஒரு பாட்டுப் பாடினதில்ல. வாயைத் திறந்தா பக்கத்துத் தெரு நாயெல்லாம் சேந்துக்கும். முதல் ஆளா வந்து ஹீட்டரைப் போடுவான், நாற்காலி அடுக்குவான், அப்புறம் புத்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டு வாயை மட்டும் அசைப்பான்."

டெர்வ்லா சிரித்துவைத்தாள். துக்கத்துக்காகச் சுவர்க் கடிகாரத்தை நிறுத்தியிருந்தார்கள். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றே முக்கால்.

"அவன் பொண்டாட்டி அசும்ப்தாவுக்கு ஆஸ்பத்திரியில ராத்திரி டியூட்டி. காலையில நாலு பொண்ணுக்கும் தலை பின்னி விடறது இவன்தான். பின்னல் எப்பவும் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்கும். தெருக்கோடியில பாத்தாலே டூஹி வீட்டுப் பொண்ணுங்கன்னு சொல்லிடலாம்." அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அதெல்லாம் பேப்பர்ல வராது. என்ன வரும் தெரியுமா? எத்தனை மணியிலேருந்து எத்தனை மணி வரைக்கும் வீடு காலியா இருக்கும்னு வரும்."

சொல்லிவிட்டு எழுந்தார். பின்கதவைப் பூட்டி, சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

டெர்வ்லா கைப்பையைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள். "எதுக்குப் பூட்டறீங்க?"

"அதைப் படிச்சுட்டே கிளம்பி வர்றவங்க இருக்காங்கம்மா. அக்கம்பக்கத்து ஊர்ல எல்லாம் நடந்திருக்கு. இங்க மட்டும் நடக்கல. ஏன்னா இங்க யாரு செத்தாலும், எல்லாரும் கோவிலுக்குப் போனப்புறம் அந்த வீட்டுச் சமையலறையில மாலகி உக்காந்திருப்பான். பதினெட்டு வருஷம். சொந்தத் தம்பி செத்தப்பக்கூட அவன் பூசைக்குப் போகல. எந்த வீட்டுலயும் ஒரு கரண்டி காணாமப் போனதில்ல."

கதவில் சாய்ந்து நின்றார். "அவனால காவல் இருக்க முடியாத வீடு இது ஒண்ணுதான்."

முன்கதவு நடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. எட்டி நடந்தால் ஆறு அடி. ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். வாசல் கேட்டருகே இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் காலிலும் அதே சேறு. ஒருவன் கையில் மண்வெட்டி.

"உங்களுக்கு என்னதான் வேணும்?"

"காலையில நாங்க மூணு பேருதான் அவனுக்குக் குழி வெட்டினோம். தண்ணி ஊறிக்கிட்டே இருந்துச்சு. அதான் காவலுக்கு வர லேட்டாயிடுச்சு," என்றார் அவர். "மாடியில எடுத்ததை மேஜைமேல வச்சிடும்மா."