யாரோ டவுன் புள்ள

“இந்தப் பொண்ண நான் பார்த்ததே இல்லைங்கய்யா.”

சாட்சிக் கூண்டில் நின்று உண்ணாமலை சொன்னதும் சிவரஞ்சனி குற்றவாளிக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பார்த்ததே இல்லையா? கைதாகும்வரை இரண்டு வருடம், உண்ணாமலையின் ஊருக்குப் போனபோதெல்லாம் அவள் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். அந்த ஊர்க்காரர்களுடைய முந்திரிக்காடுகளைச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு எடுக்கப்போவதாக நோட்டீஸ் வந்தபோது, பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி வந்து ஒவ்வொரு பெண்ணுக்கும் மனு எழுதிக் கொடுத்தவள் சிவரஞ்சனி.

நிலத்தை அளக்க வந்த அதிகாரிகளைப் பெண்கள் மறித்து உட்கார்ந்தார்கள். ஊருக்குள் வந்து அவர்களைத் தூண்டிவிட்டதாகச் சிவரஞ்சனி மேல் மட்டும் வழக்குப் பாய்ந்தது. ஜாமீன் மறுக்கப்பட்டு, எட்டு மாதமாகத் திருச்சி சிறையில் இருக்கிறாள். அந்த ஊரிலிருந்து ஒருத்திகூட வந்து பார்க்கவில்லை.

“நல்லா பாத்துச் சொல்லும்மா. அன்னிக்கு உங்களையெல்லாம் கூட்டியாந்து உக்கார வச்சது இவங்கதானே?” அரசு வக்கீல் குரலை உயர்த்தினார்.

“யாரும் கூப்பிடலைங்க. எங்க காடு, நாங்களாத்தான் போயி உக்காந்தோம். இது யாரோ டவுன் புள்ள.”

அடுத்து அம்மாக்கண்ணு வந்தாள். அவள் மகளுக்குப் பிரசவ வலி கண்ட அன்று, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததே சிவரஞ்சனிதான். அம்மாக்கண்ணு நிமிர்ந்தே பார்க்காமல், “தெரியாதுங்க” என்றாள்.

வந்த ஒன்பது பெண்களும் அதையே சொன்னார்கள். அரசு வக்கீல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி உட்கார்ந்தார்.

சிவரஞ்சனி எதையும் கவனிக்கவில்லை. இவர்களுக்காகவா வேலையை விட்டேன், பெற்ற அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் கிடக்கிறேன்? அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

போலீஸ் வேனுக்குக் கூட்டிப்போகும்போது, வராந்தாத் தூணோரம் உண்ணாமலை நின்றிருந்தாள்.

“எப்படிக்கா மனசு வந்துச்சு? என்னையத் தெரியாதா உங்களுக்கு?”

உண்ணாமலை சுற்றுமுற்றும் பார்த்தாள். கண்கள் கலங்கியிருந்தன. கிட்டே வந்து, காதோரமாகச் சொன்னாள்:

“ஊருக்கே வராதவ மேல எப்படி கண்ணு கேஸு நிக்கும்?”