தண்ணீர் தெளியும்வரை

முப்பத்தேழாயிரத்து நானூற்று ஐம்பது. வீட்டுக்காரர் வைத்திருந்த பாக்கி அவ்வளவு. வாங்காமல் திரும்புவதில்லை என்று, பெரிய பைப் ரெஞ்சைத் தோளில் சாய்த்துக்கொண்டு பிளம்பர் பின்வாசல் வழியாக நுழைந்தார். அந்த மனிதர் பெட்டியும் கையுமாக மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

“ஓகோ, எனக்கு நாமத்தைப் போட்டுட்டு ஊரை விட்டே ஓடலாம்னு பாக்கறீங்களா?”

அந்த மனிதர் அப்படியே நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

வீடு நூறு வருஷப் பழசு. சுவருக்குள் ஓடிய இரும்புக் குழாய்கள் துருவேறி, கிழவன் ரத்தக்குழாய் மாதிரி அடைத்துக் கிடந்தன. இரண்டு மாதம் முழங்கால் தேய வேலை பார்த்தும் வீட்டுக்காரர் முகத்தைப் பிளம்பர் பார்த்ததில்லை. தூசி ஆகாதென்று குடும்பம் வேறு வீட்டுக்குப் போய்விட்டது. அதிகாரமெல்லாம் போனில்தான்.

கீழ்த்தளம் முழுக்கப் புதுக்குழாய் போட்டாயிற்று. மாடிச் சுவரை மட்டும் தொட விடவில்லை. பழைய சலவைக்கல் பாழாகிவிடுமாம். உள்ளே துருவை வைத்துக்கொண்டு தண்ணீர் எப்படித் தெளியும்? “மாடியில இன்னும் செங்கல் கரைச்ச மாதிரி வருது. தெளியறவரைக்கும் காசு கிடையாது” என்று போனை வைத்துவிட்டார் வீட்டுக்காரர்.

அந்த வேலையில்தான் கூரைக் காரை பெயர்ந்து விழுந்து பிளம்பருடைய தங்கச்சி புருஷனின் கை நொறுங்கியது. இன்று சாயங்காலத்துக்குள் பணம் கட்டினால் ஆபரேஷன். கட்டாவிட்டால் கையை எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“வழிய விடு” என்றார் அந்த மனிதர். குரல் கம்மிப் போயிருந்தது. போனில் அத்தனை அதட்டு அதட்டின வாய்! ரெஞ்சைப் பார்த்தால் எவனுக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார் பிளம்பர்.

“என் காச வச்சுட்டு நகரு.”

சொல்லி வாய் மூடவில்லை, பூச்சாடி பறந்து வந்தது. புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. பிளம்பர் ரெஞ்சை வீசினார். படியின் கைப்பிடி சிம்பு சிம்பாகத் தெறித்தது. அடுத்த வீச்சு மணிக்கட்டில். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. இருவரும் கட்டிப் புரண்டு உருண்டு கீழே வந்து விழுந்தபோது, அந்த மனிதரின் முன்பல் ஒன்றைக் காணோம்.

“இது என் தங்கச்சிக்கு!” ஒரு குத்து. “இது அவ புருஷனுக்கு!” இன்னொன்று. “என் பங்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லடா!”

“போதும்ப்பா, போதும்... உனக்கு எவ்வளவு வேணும்?”

“தெரியாத மாதிரி கேக்கறதப் பாரு! முப்பத்தேழாயிரத்து நானூத்தி அம்பது!”

“தர்றேன். மூஞ்சியக் கழுவிக்க விடு, கண்ணு தெரியல.”

சட்டைக் காலரை விடாமல் படிக்கு அடியிலிருந்த வாஷ்பேசினுக்கு இழுத்துப் போனார் பிளம்பர். அந்த மனிதர் வலதுபக்கக் குழாயைத் திறந்து கையை நீட்டினார். ஆவி பறந்தது. “ஐயோ!” என்று அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார்.

பிளம்பருக்கு வயிறு பற்றி எரிந்தது. ஊரெல்லாம் வெந்நீர் இடதுபக்கம் வந்தாலும், தாத்தா காலத்திலிருந்து இந்த வீட்டில் வலதுபக்கம்தான் என்று ஒற்றைக்காலில் நின்று, முடித்த வேலையைப் பிரிக்க வைத்து, மூன்று நாள் கூலியை முழுங்கின ஆள் அல்லவா?

“கேட்ட மாதிரியே மாட்டிக் குடுத்தாலும் குத்தமா? காசு குடுக்காம இருக்க இது ஒரு புது நாடகமா?” பிடரியைப் பிடித்துப் பேசின் விளிம்பில் ஒரு மோது. மேலிருந்த கண்ணாடி சிவந்தது.

அந்த மனிதர் படியோரம் கிடந்த பெட்டியிடம் தவழ்ந்து போனார். பெட்டியைக் கொஞ்சமாகத் திறந்து, கையை மட்டும் உள்ளே விட்டு ஒரு நோட்டுக்கட்டை உருவினார்.

“அம்பதாயிரம் இருக்கு, வச்சுக்க. என்னைப் பாத்தேன்னு மட்டும் வெளிய சொல்லாத.”

“உன் பிச்சை யாருக்கு வேணும்?” எச்சில் தொட்டு எண்ணினார் பிளம்பர். தனக்கு உள்ளதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவர் மடியில் எறிந்தார். “என் காசு வந்தாச்சு. நான் ஏன் வாயத் திறக்கறேன்?”

கணக்கு தீர்ந்ததும் கோபமும் இறங்கிவிட்டது. மணிக்கட்டு வீங்கிய ஆளால் பெட்டியை அசைக்க முடியவில்லை. பாவமாக இருந்தது. பிளம்பரே தூக்கிக்கொண்டார்.

“என்னங்க இந்தக் கனம் கனக்குது? வீட்டையே பேத்து எடுத்துட்டுப் போறீங்களா?”

அந்த மனிதர் சிரிக்கப் பார்த்தார். பல் போன இடம் வலித்திருக்க வேண்டும். தெருமுனையில் நின்ற வண்டியில் அவரையும் பெட்டியையும் ஏற்றிக் கதவைச் சாத்தினார் பிளம்பர்.

“கை ஓங்கிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க ஐயா. மாடிச் சுவத்த உடைக்க எப்ப மனசு வந்தாலும் ஒரு போன் போடுங்க. தண்ணி பளிங்கா வரும்.”

வண்டி பறந்தது. ரெஞ்சை எடுக்கத் திரும்பி வந்தபோது, வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. உள்ளே இருந்தவர் பிளம்பரின் காக்கிச் சட்டையையும் அதிலிருந்த ரத்தத்தையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். இரண்டு மாதமாகப் போனில் கேட்ட அதே அதட்டல்.

“அந்தப் பிளம்பர்தானே நீ? என்கிட்டேருந்து ஒத்தப் பைசா பேராதுன்னு சொல்லியும் என் வீட்டு வாசல்ல உனக்கென்ன வேலை?”

பிளம்பர் தெருமுனையைப் பார்த்தார். வண்டி கிளப்பிய தூசிகூட அடங்கிவிட்டிருந்தது. சட்டைப்பையைக் கையால் அழுத்திப் பிடித்தபடி, ரெஞ்சை மறந்து, ஆஸ்பத்திரி இருக்கிற பக்கமாக நடக்கத் தொடங்கினார்.

“நீங்க குடுத்தாச்சுங்க ஐயா.”