காஸ்பர் வாத்தியார் சிரித்தார்

ஹென்றி பேச எழுந்தபோது முதல் பெஞ்சில் காஸ்பர் வாத்தியார் உட்கார்ந்திருந்தார்.

சாந்தோமில் எங்கள் வாலிபர் சங்கத்து ஹால். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தலைப்பு: கொலைகாரனுக்குத் தூக்கா, ஜெயிலா?

ஹென்றி தூக்கு. டோரதி ஜெயில். சீட்டு அப்படி விழுந்திருந்தது.

வாத்தியார் எங்கள் பட்டிமன்றத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை. ஏன் வந்தார் என்று ஹாலில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை.

அப்போதெல்லாம் ஹைகோர்ட்டில் கொலை வழக்குக்கு ஜூரி உண்டு. வாத்தியார் ஒரு ஜூரி.

தங்கையை அடித்த மைத்துனனை அடையாற்றங்கரையில் துடுப்பால் ஒரே போடாகப் போட்ட படகுக்காரன் தணிகாசலத்தின் வழக்கு. போட்டது அவன்தான். அதில் எந்த ஜூரிக்கும் சந்தேகமில்லை. தூக்கு வேண்டாமென்று ஜட்ஜுக்குச் சிபாரிசு செய்யலாமா என்பதில்தான் தகராறு. மற்ற ஜூரிகள் சரிபாதியாகப் பிரிந்து நின்றார்கள். நடுவில் வாத்தியார்.

நாளைக்குத் தீர்ப்பு.

வழக்கைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது. வாத்தியார் விடவில்லை; ஊருக்குச் சொன்னது மற்ற ஜூரிகள். பொதுவாகப் பேசுவதைக் கேட்கலாமல்லவா, கேட்க வந்தார்.

ஹென்றி தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"கொலை பண்ணவனுக்கு ஆயுள் முழுக்க வேளாவேளைக்குச் சோறு. கொலை பண்ணாத பாவத்துக்கு நாம ரேஷன் கடை வாசல்ல பையோட நிக்கிறோம். இப்படியே போனா அடுத்த மாசம் எங்கம்மாவே யாரையாவது வெட்டிடுவாங்க!"

ஹால் அதிர்ந்தது. "போடு நைனா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

வாத்தியார் முதலில் சிரிக்கவில்லை. பிறகு தோள் குலுங்கியது. பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து டோரதி பேசினாள். தப்பாகத் தூக்கில் போட்டுவிட்டால் இறக்கி உயிர் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. அதனால் யாரும் கேட்கவுமில்லை. வேர்க்கடலைப் பொட்டலம் கைமாறிக்கொண்டிருந்தது.

ஹென்றிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். முதலில் எழுந்தது வாத்தியார் கை.

மேடையருகே வந்து ஹென்றியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வாரமா ஒரே குழப்பம் தம்பி. சோறு எறங்கல. இன்னைக்கு நான் தூங்கிடுவேன்."

"நல்லா தூங்குங்க சார்."

வாத்தியார் சைக்கிள் விளக்கை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

காரியதரிசி பிரகாசம் மேஜையைத் தட்டினான். "நம்ம சங்கத்து வழக்கப்படி அடுத்த ஞாயித்துக்கிழமையும் இதே தலைப்பு, பக்கம் மாத்தி. ஹென்றி ஜெயிலு, டோரதி தூக்கு. யாரும் ஓடாதீங்கப்பா, கடலைத் தோலைக் கூட்டிட்டுப் போங்க."

டோரதி காலி பெஞ்சைப் பார்த்தாள். வாசலுக்கு ஓடினாள்.

சைக்கிள் விளக்கு கச்சேரி ரோட்டில் திரும்பி மறைந்திருந்தது.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். "ஹென்றி, தீர்ப்பு நாளைக்கு."

ஹென்றி சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தான். அடுத்த வாரப் பேச்சு. எழுதி முடித்தே வைத்திருந்தான்.

"இன்னைக்குப் பேசினதெல்லாம் தூசு டோரதி," என்றான். "அடுத்த வாரம் பாரு. தூக்குன்னு ஒருத்தன் கை தூக்க மாட்டான்."