மூன்று முறை ஆமாம்

அம்மா கட்டைகளைத் தரையில் எறிந்தாள். பிறை மாதிரி இரண்டு சிவப்புக் கட்டைகள். ஒன்று கவிழ்ந்தது, ஒன்று மல்லாந்தது.

அம்மன் "ஆமாம்" என்கிறாள்.

மாட்ஸு அம்மன் கோயிலில் நல்ல கூட்டம். அம்மா யாரையும் சட்டை செய்யவில்லை. பெயர், பிறந்த நாள், விலாசம் எல்லாம் முதலிலேயே ஒப்பித்துவிட்டாள். தைனான் மீன் சந்தைக்குப் பின்னால் கஞ்சிக்கடை என்று அடையாளம் வேறு. பிறகு ஊருக்கே கேட்கிற குரலில் கேள்வி.

"தாயே, எம்பொண்ணு பெய்-யுன் இந்தப் பந்து ஒதைக்கறத விட்டுட்டு, கம்பெனி வேலைய ஒழுங்கா பாக்கணும். அதானே ஒன் விருப்பம்?"

கேள்வியா அது!

இரண்டாவது முறையும் ஆமாம். மூன்றாவதும் அப்படியே விழுந்தால் அது அம்மன் வாக்கு. அப்பீல் கிடையாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்தொரு வயது, ஆபரேஷன் செய்த முழங்கால், தேசிய அணியில் தடுப்பாட்டக்காரி. ஜப்பானில் ஒரு கிளப் என்னைக் கூப்பிட்டிருந்தது. இனி ஒருமுறை யாரும் கூப்பிடப் போவதில்லை.

மூன்றாவது எறிதலில் இரண்டு கட்டையும் மல்லாந்து விழுந்து ஆடின. கேள்வியே சரியில்லை என்று அம்மன் சிரிக்கிறாளாம்.

"இதுல என்ன சிரிப்பு வேண்டிக்கெடக்கு?" அம்மா அம்மனையே அதட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பின்னால் அன்னாசிப் பழத்தோடு நின்ற ஒருத்தர் பொறுமையிழந்தார். "விடுங்கக்கா. பேஸ்பால் ஆடாம ஃபுட்பால் ஆடுதே, அதவிடவா பெரிய தண்டனை?"

எல்லோரும் சிரித்தார்கள். தைவானில் பேஸ்பால் ஆடாதவனை விளையாட்டுக்காரன் என்றே சொல்ல மாட்டார்கள். போகட்டும்.

நான் அம்மா கையிலிருந்து கட்டைகளைப் பிடுங்கினேன். "நீ கேட்டது போதும். இப்ப நான் கேக்கறேன்."

முழங்கால் விண்ணென்று தெறிக்க மண்டியிட்டேன். மனசுக்குள் கேட்டாலும் அம்மனுக்குக் கேட்கும். கேட்டேன். எறிந்தேன்.

ஆமாம்.

ஆமாம்.

ஆமாம்.

அன்னாசிக்காரர் கைதட்டினார். அம்மாவின் முகம் சுண்டிப்போனது. அவள் என்னோடு சண்டை போடுவாள், அம்மனோடும் போடுவாள். ஆனால் மூன்று முறை விழுந்த பிறகு வாயைத் திறக்க மாட்டாள்.

வாசலில் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். "சரி, போய் ஆடித் தொல. அவளே சொல்லிட்டா. குறுக்க நிக்க நான் யாரு?"

அவள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆட்டத்தைப் பற்றி நான் அம்மனிடம் மூச்சே விடவில்லை. அதற்கு அம்மா, அம்மன் இரண்டு பேர் சம்மதமும் எனக்குத் தேவையில்லை. காலையில் கம்பெனிக்குப் போய் ராஜினாமா கொடுத்துவிட்டுத்தான் கோயிலுக்கே வந்தேன்.

அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். "நான் திரும்பி வர்ற வரைக்கும் எங்கம்மாவப் பாத்துப்பியா?" என்றுதான் கேட்டேன்.

மாட்டேன் என்றிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். பின்னால் எத்தனை பேர் நின்றாலும் சரி, அம்மன் ஒத்துக்கொள்ளும் வரை எறிந்துகொண்டே இருந்திருப்பேன்.